கூடாரம் அடிக்கும் முன்: மலை முகாம் பாதுகாப்பு பற்றி வாசகர் கேள்வி–பதில்

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் கிளை மலைகளிலும் கூடாரமடித்துத் தங்கும் பழக்கம் பெருகிவருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நடுஇரவில் ஏதேனும் நேர்ந்தால் என்ன செய்வது என்றே கேட்டிருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. கேட்டவர்களின் ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

எங்கள் கல்லூரி மாணவிகள் 40 பேரை ஏற்காட்டுக்கு அருகே ஒரு தனியார் முகாமில் ஓர் இரவு தங்கவைக்கத் திட்டமிட்டுள்ளோம். "எல்லா அனுமதியும் இருக்கிறது மேடம்" என்கிறார் முகாம் நடத்துபவர். அதற்கு மேல் நாங்கள் என்ன கேட்க வேண்டும்? – பேராசிரியை, ஈரோடு

அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். அது பட்டா நிலமா, காப்புக்காட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவதே குற்றம் என்பதால், அங்கே விபத்து நடந்தால் உதவிக்கு அழைக்கவும் தயங்கி, ஒளித்துப் பேசி, நேரத்தை வீணாக்குகிறார்கள். ஆனால் அனுமதி இருப்பதாலேயே இடம் பாதுகாப்பானது என்று எண்ணிவிட முடியாது. 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயின் நாட்டின் பிரனீஸ் மலையடிவாரத்தில், பியெஸ்காஸ் என்ற ஊருக்கு அருகே, உரிமம் பெற்று நடந்துவந்த ஒரு முகாம் மைதானத்தின் மீது காட்டாற்று வெள்ளம் பாய்ந்து 87 பேர் இறந்தனர். மலையோடை காலங்காலமாக அடித்துவந்த கல்லும் மண்ணும் விசிறிபோல் பரவிப் படிந்த தளத்தில்தான் அந்த மைதானம் இருந்தது. அந்த இடம் கூடாரம் அடிக்க வசதியான சமதளமாக அமைந்ததற்குக் காரணமே பழைய வெள்ளங்கள்தாம்.

ஆகவே, முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பகல் பொழுதில் நேரில் சென்று பாருங்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கமாக இறங்குகிறது, வெளியேறும் பாதை ஒன்றா இரண்டா, அந்தப் பாதை ஓடையைக் கடக்கிறதா என்று பாருங்கள். ஓடையைக் கடக்கும் ஒரே பாதை என்றால், மழை பெய்யும் இரவில் அந்த முகாமுக்குப் பாதையே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். உங்களை ஏற்றிவந்த வண்டி இரவு முழுவதும் அங்கேயே நிற்குமா, ஓட்டுநர் அடிவாரத்து விடுதிக்குப் படுக்கப் போய்விடுவாரா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். ஏற்பாட்டாளர்கள் பலர் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான். வண்டி வெளியேறும் திசையை நோக்கித் திருப்பி நிறுத்தப்பட வேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்பது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

அங்கே சென்ற பிறகு, இருட்டுவதற்கு முன்பே ஒன்றுகூடும் இடத்தைக் காட்டிவிடுங்கள். அது மரத்தடியாகவோ, சமையல் எரிவாயு உருளைகள் இருக்கும் இடத்துக்கு அருகிலோ, ஓடைப் பக்கமாகவோ இருக்கக் கூடாது. பாறையோ வெட்டவெளியோ நல்லது. எந்தக் கூடாரத்தில் யார் யார் என்ற பட்டியல் உங்களிடம் ஒன்றும், கூட வரும் மற்றோர் ஆசிரியையிடம் ஒன்றும் இருக்கட்டும். இரவில் 40 பேரை ஒருவர் எண்ணிச் சரிபார்ப்பது எளிதன்று என்பதால், மாணவிகளை இருவர் இருவராகப் பிரித்து, தன் துணை எங்கே என்று சொல்லும் பொறுப்பை அந்தந்த மாணவியிடமே விட்டுவிடுவது நல்ல வழி. விசிலை மூன்று முறை தொடர்ந்து ஊதினால் உடனே எழுந்து வர வேண்டும் என்று சொல்லி, சாப்பாட்டுக்கு முன் டார்ச் வெளிச்சத்தில் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். அப்போதுதான் கூடாரங்களை இழுத்துக் கட்டிய கயிறுகள் எத்தனை பேரைத் தடுக்கி விழவைக்கும் என்பது தெரியும். அவற்றில் வெள்ளைத் துணிக் கிழிசல்களைக் கட்டிவிடுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு, தேனீக் கடியால் ஒவ்வாமை உள்ளவர்கள் யார் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாறை முகடுகளிலும் உயர்ந்த மரங்களிலும் தேனடை தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்காமல் கீழே நெருப்பு மூட்டக் கூடாது.

குரங்கணியில் நடந்ததைப் படித்த பிறகு கோடையில் மலைக்குப் போகவே பயமாக இருக்கிறது. காட்டுத்தீ நெருங்கினால் மேலே ஓடுவதா, கீழே ஓடுவதா? – வாசகர், திருமங்கலம்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல் மண்டிய செங்குத்தான சரிவு அது. தப்பி ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். அதன் பிறகுதான் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிகளை வகுத்து, வனத்துறையின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது.

உங்கள் கேள்விக்கு வருவோம். தீ சரிவில் ஏறும்போது வேகம் கொள்கிறது. மேலே எழும் வெப்பம் மேற்புறத்துப் புல்லை முன்கூட்டியே உலர்த்திப் பற்றுவதற்குத் தயாராக வைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் பயன்படும் ஒரு பொதுக் கணக்கு. மனிதனோ மேட்டில் ஏற ஏறத் தளர்கிறான். எனவே தீ உங்களுக்குக் கீழே இருந்தால் உச்சியை நோக்கி ஓடுவதுதான் மிக மோசமான முடிவு. சரிவின் குறுக்காக, காற்று வீசும் திசைக்குப் பக்கவாட்டில் விலகி, எரிவதற்கு ஒன்றுமில்லாத இடத்துக்குப் போக வேண்டும்: பாறை, மண்சாலை, நீரோடை, வனத்துறையினர் புல்லைச் செதுக்கி வைத்திருக்கும் தீத்தடுப்புக் கோடு, அல்லது ஏற்கனவே எரிந்து கறுத்த தரை. தீ மேலே இருந்தால் கீழே இறங்கலாம். இரண்டு சரிவுகளுக்கு இடைப்பட்ட மடிப்புகளிலும் குறுகிய பள்ளங்களிலும் மட்டும் எந்த நிலையிலும் ஒதுங்காதீர்கள். அனல் அவற்றின் வழியாகத்தான் மேலேறும்.

வேறு வழியே இல்லாமல் போய், தீயின் உயரம் முழங்காலுக்கும் குறைவாக இருந்து, அதன் பின்னால் எரிந்து அடங்கிய தரை தெரியுமானால், வேகமாகக் கடந்து அந்தக் கறுத்த தரைக்குப் போய்விடலாம். அதுவும் முடியாதபோது, புல்லில்லாத மண்ணில் தீ வரும் திசைக்குக் காலை நீட்டிக் குப்புறப் படுத்து, முகத்தைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். ஸ்டவ், எரிவாயுக் குப்பி, சானிடைசர் முதலியவற்றை முதலிலேயே தூர எறிந்துவிடுங்கள். உடையைப் பற்றியும் ஒரு சொல்: மலையேற்றத்துக்கென்று விற்கப்படும் மெல்லிய செயற்கை இழைச் சட்டைகள் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கோடையில் முழுக்கை பருத்திச் சட்டையே மேல். தீக்காயத்தின் மீது 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரை விடுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவ வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும், பிப்ரவரி முதல் கோடைமழை வரும் வரையான மாதங்களில் காய்ந்த புல்வெளியில் இரவு தங்காமல் இருப்பதே என் பரிந்துரை. அந்தப் பருவத்தில் வனத்துறை பாதைகளை மூடுவதைக் கெடுபிடி என்று திட்டுகிறவர்கள், மார்ச் மாதத்தில் அந்தப் புல்லை ஒருமுறை கையால் கசக்கிப் பார்க்கலாம்.

ஓடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்க வேண்டும் என்பது என் மனைவியின் ஆசை. கரையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கூடாரம் அடிக்கலாம்? – வாசகர், கோயம்புத்தூர்

அடிக் கணக்கைவிட உயரக் கணக்குதான் முக்கியம். ஓடையிலிருந்து 100 அடி தள்ளியிருந்தாலும் அதே மட்டத்தில் இருந்தால் பயனில்லை. கரையோரப் புதர்களில் எந்த உயரம் வரை சருகும் குச்சியும் பிளாஸ்டிக்கும் சிக்கித் தொங்குகின்றன என்று பாருங்கள்; சென்ற வெள்ளம் வந்துபோன மட்டம் அது. அதற்கும் நன்றாக மேலே, இறங்கி வராமல் இன்னும் மேலேறிப் போக வழியுள்ள மேட்டில் கூடாரம் அடியுங்கள். வறண்ட ஓடைப்படுகையில் மணல் மெத்தென்று இருக்கிறது என்று ஒருபோதும் படுக்கையை விரிக்காதீர்கள்.

நம் மலைகளில் உள்ள சிக்கல் என்னவென்றால், நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாதபோது மேல்மலையில் கொட்டித் தீர்த்திருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றாலத்தின் சீசன் ஜூனில் தென்மேற்குப் பருவமழையோடு தொடங்குவது. அந்த வெள்ளமோ கோடைமழையில் வந்தது. தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வருவதும், ஓடையின் ஓசை தடித்து உறுமலாக மாறுவதும் வெள்ளம் வருவதற்கான அடையாளங்கள். அவற்றில் ஒன்றைக் கண்டாலும், கேட்டாலும், கூடாரத்தையும் பையையும் அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். பொருளை எடுக்கத் திரும்புகிற அந்த இரண்டு நிமிடம்தான் ஆளை விழுங்குகிறது. வேகமாக ஓடும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்களையும் நிலைகுலைய வைக்கும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான கார்களை அடித்துக்கொண்டு போகும். ஆகவே வண்டியை எடுத்துக்கொண்டு தரைப்பாலத்தைக் கடந்துவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம். அணைக்குக் கீழே உள்ள ஆற்றங்கரைகளில் சங்கொலி கேட்டால் அதற்கு என்ன பொருள் என்பதை மாலையிலேயே உள்ளூர்க்காரர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடைச் சத்தம் மேட்டிலும் கேட்கும் என்று உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

கொடைக்கானலில் டிசம்பர் குளிர் தாங்க முடிவதில்லை. புகை அடங்கிய பிறகு, கங்கு மட்டும் உள்ள கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, திண்டுக்கல்

கூடாது. இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் ஐயத்துக்கு இடமின்றி ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடியது இதுதான். புகை அடங்கிய கங்குதான் மிகவும் ஆபத்தானது. கண்ணை எரிக்காமல், மூக்குக்குத் தெரியாமல், அது கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வாயு இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்வதால், மூச்சு நன்றாக விடும்போதே உடல் திணறுகிறது. பனியில் நனைந்த கூடாரத் துணி காற்றை அதிகம் உள்ளே விடாது. ஜிப்பைச் சிறிது திறந்து வைத்தாலும் போதாது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் ஆகியவைதான் முதல் அறிகுறிகள். குளிர் என்றும், மலைப்பாதையில் வந்த மயக்கம் என்றும் எண்ணிப் படுத்துவிடுகிறார்கள். தூக்கத்தில் இருப்பவருக்கு அந்த அறிகுறிகளும் தெரிவதில்லை. கூடாரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் குளிரல்ல என்று முடிவு செய்து, எல்லோரையும் வெளியே இழுத்துப் போட்டு, 108-ஐ அழையுங்கள். வெளிக்காற்றில் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்துப் பார்ப்பது அவசியம். எரிவாயு விளக்கு, சிறிய ஸ்டவ், பார்பிக்யூ அடுப்பு எல்லாவற்றுக்கும் இதே விதி; ஜன்னல் மூடிய விடுதி அறைக்கும் இதே விதி.

குளிருக்கு வேறு வழிகள் உண்டு. உடலின் சூட்டைப் பெரும்பாலும் உறிஞ்சுவது கீழே உள்ள தரைதான் என்பதால், மேலே இரண்டு கம்பளி போர்த்துவதைவிடக் கீழே ஒரு தடித்த பாய் விரிப்பது பயன் தரும். வெந்நீர் நிரப்பி இறுக மூடிய எவர்சில்வர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்துக்கொண்டால் பின்னிரவு வரை இதமாக இருக்கும்.

இடி இடிக்கும்போது கூடாரத்துக்குள் இருப்பது பாதுகாப்பா? – வாசகர், வால்பாறை

பாதுகாப்பில்லை. கூடாரத் துணி மின்னலைத் தடுக்காது. திறந்த மேட்டில் நிற்கும் கூடாரக் கம்பி மின்னல் விழும் வாய்ப்பைக் கூட்டவே செய்யும். தேயிலைத் தோட்டங்களில் தனித்து உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரத்தடி அதைவிட மோசம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, உலோகக் கூரையுள்ள காருக்குள்ளோ, நல்ல கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட நேரம் 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். ஒதுங்க இடமே இல்லையென்றால் முகட்டிலிருந்து இறங்கி, ஒருவருக்கொருவர் நன்றாக விலகி, பாதங்களைச் சேர்த்துக் குத்துக்காலிட்டு உட்காருங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் மின்சாரம் பாயும் என்ற தவறான நம்பிக்கையால் உயிர்கள் போகின்றன. அவர் உடலில் மின்சாரம் எதுவும் தங்கியிருக்காது. பலர் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டால், முனகிக்கொண்டிருப்பவர்களைவிட அசைவற்றுக் கிடப்பவரை முதலில் கவனிக்க வேண்டும்; மற்ற விபத்துகளில் பின்பற்றும் வரிசைக்கு இது நேர்மாறானது. மின்னலில் நின்றுபோன இதயமும் மூச்சும், உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தால் திரும்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

யானை வராமல் இருக்க இரவு முழுவதும் நெருப்பு எரிய விடுவது போதுமா? – வாசகர், கூடலூர்

போதாது. நெருப்பைப் பார்த்துப் பழகிய யானைகள் நம் பக்கத்தில் ஏராளம் என்பது கூடலூர்க்காரரான உங்களுக்கே தெரிந்திருக்கும். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், கூடாரங்கள் அமைத்த ஒரு தங்கும் விடுதியில் இருந்த பெண், இரவில் யானை தாக்கி இறந்தார். யானைத் தடம், சாணம், பட்டை உரிந்த மரம், நீர்நிலைக்கு இறங்கும் அகன்ற பாதை ஆகியவை கண்ணில் படும் இடத்தில் தங்காமல் இருப்பதுதான் உண்மையான தற்காப்பு. பலாப்பழம், வாழைப்பழம், உப்பு, அரிசி எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். யானையைப் பார்த்துவிட்டால் பட்டாசும் வேண்டாம், பிளாஷ் போட்டுப் படமும் வேண்டாம். அதற்கு வழிவிட்டு, ஓசையின்றிக் கட்டடத்துக்கோ வண்டிக்கோ விலகிச் செல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கட்டுப் போட வேண்டும் என்று என் மாமா சொல்கிறார். மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள். எது சரி? – வாசகி, தென்காசி

மருத்துவர்கள் சொல்வதே சரி. இறுக்கிக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையோ காலோ அழுகிப்போகும். அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாகப் பாயும். கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் வீண் வேலை. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட்டு, எலும்பு முறிந்தால் கட்டுவது போல ஒரு கட்டையைச் சேர்த்துக் கட்டி, கடிபட்ட உறுப்பை அசையவிடாமல், அவரை நடக்கவும் விடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடிபட்ட கதைகள் உண்டு.

முகாமில் தங்குபவர்கள் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுவிரியன் இரவில், தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலியோ வீக்கமோ இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை சரிதல், பேச்சுக் குழறல் என்று எழுந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே கருதி ஓட வேண்டும். அடுத்தது, இந்தியாவில் கிடைக்கும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் காபி, ஏலத் தோட்டங்களிலும் உள்ள குழிவிரியன் வகைகளுக்கு அதில் முறிவில்லை. அவற்றின் கடி சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால், ஊசி போட்டாகிவிட்டது என்று திரும்பிவிடாமல், டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பது நல்லது. இருட்டில் செருப்பில்லாமல் கூடாரத்தைவிட்டு இறங்காதீர்கள். ஷூவைத் தட்டிப் பார்த்து அணியுங்கள். ஜிப்பை எப்போதும் முழுமையாக மூடி வையுங்கள்.

மலையில் சிக்னலே இல்லையென்றால் யாரை, எப்படி அழைப்பது? – வாசகர், சேலம்

உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். அந்த இடத்தில் வேறு எந்த நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் அவசர அழைப்பு அதன் வழியாகச் செல்லும். ஆம்புலன்சுக்கு 108, தீயணைப்புக்கு 101, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. கேரள எல்லையோரம் நின்றால் அழைப்பு அந்தப் பக்கத்துக்குப் போய்விடக்கூடும் என்பதால், எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருக்கும்போதும் குறுஞ்செய்தி போய்ச் சேர்வதுண்டு. கைப்பேசியின் ஜிபிஎஸ் சிக்னல் இன்றியும் வேலை செய்யும்; அங்கே சென்று சேர்ந்தவுடன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தாளில் எழுதி ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், இரவில் கைப்பேசி அணைந்துபோனாலும் இன்னொருவர் எங்கிருந்தாவது படித்துச் சொல்லலாம்.

கிளம்பும் முன் வீட்டில் ஒருவரிடம் எந்த இடம், எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குள் அழைப்போம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் யாரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்பதையும், அந்தப் பகுதி வனச்சரக அலுவலகத்தின் எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். "சிக்னல் இருக்காதுமா, கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினால், வீட்டில் இருப்பவர்கள் மறுநாள் இரவு வரை கவலைப்படாமலேயே காத்திருப்பார்கள்.